காது கேளாதோர் வரலாறு: பாரிஸில் தொடங்கி கடலூர், புதுச்சேரி வரை

வைசியாள்வீதி எழுதியது:

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு விட்டுப்போனவை என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வோம். போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி, மஞ்சள் சுவர் வீடுகள், ரொட்டிக்கடை, தெருமுனைப் பலகைகள். பாரிஸில் கிளம்பி உலகத்தையே சுற்றிவந்த இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசி நான் பார்த்ததில்லை. காது கேளாத பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து, காசு வாங்காமல், கைச்சைகையாலேயே பாடம் சொல்லித்தந்த பள்ளி அது.

தொடங்கியவர் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே என்ற பாதிரியார். 1712-இல் வெர்சாயில் பிறந்தவர். பாரிஸில் காது கேளாத சகோதரிகள் இருவரைச் சந்தித்த பிறகு இதுதான் தன் வேலை என்று முடிவு செய்து, 1760 வாக்கில் சொந்தப் பணத்தைப் போட்டுத் தன் வீட்டிலேயே வகுப்பு நடத்தினார். அவருக்கு முன்னால் யாருமே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்பெயினில் 16-ஆம் நூற்றாண்டிலேயே பெத்ரோ போன்சே தெ லியோன் என்ற துறவி காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறார். 1620-இல் ஹுவான் பாப்லோ போனெத் ஒற்றைக் கையால் காட்டும் எழுத்து வரிசையைப் படம் போட்டு அச்சிட்டார். ஆனால் அவையெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு. வாரிசாகச் சொத்துரிமை பெறுவது அங்கே ஒரு பெரிய காரணம். லெப்பே ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். 1789 டிசம்பர் 23-இல் இறந்தார். அது புரட்சி நடந்த வருடம். 1791-இல் பிரெஞ்சு தேசிய சட்டமன்றம் அந்தப் பள்ளியை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

இனி நம்ம ஊர். கடலூரிலும் புதுச்சேரியிலும் காது கேளாதவர்கள் எங்கே படித்தார்கள், எங்கே கூடினார்கள், யார் யாருக்குச் சைகை சொல்லித்தந்தார்கள்? கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் மில்லுக்கும் வரலாறு எழுதியிருக்கிறோம். இதற்கு ஒரு பக்கம்கூடக் கண்ணில் படவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் காது கேளாதவன். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போனது. ஹாஸ்டல் பள்ளியில் படித்து, இப்போது கடலூரில் ஒரு பிரஸ்ஸில் டி.டி.பி. வேலை பார்க்கிறேன்.

லெப்பே பாதிரியார் மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கதையை அவரிடமிருந்து தொடங்கினால் பாதி விட்டுப்போகும். அவர் பார்த்த அந்தச் சகோதரிகள் ஏற்கெனவே தங்களுக்குள் கையால் பேசிக்கொண்டிருந்தவர்கள். பாதிரியார் முதலில் மாணவராக இருந்தார், அப்புறம்தான் ஆசிரியர் ஆனார்.

பியேர் தெலோழ் என்று ஒருவர். பாரிஸில் புத்தகம் பைண்டிங் செய்து பிழைத்தவர். ஏழு வயதில் அம்மை வந்து காது போனது. வெகுநாள் தனியாகவே இருந்துவிட்டு, 27 வயதில்தான் பிறவியிலேயே காது கேளாத ஓர் இத்தாலியரிடம் சைகை கற்றுக்கொண்டார். அந்த இத்தாலியருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1779-இல் தெலோழ் ஒரு புத்தகம் வெளியிட்டார். சைகையால் படிப்பு வராது, பேச்சைத்தான் திணிக்க வேண்டும் என்று வேறொரு பாதிரியார் எழுதியதற்கு அது பதில். பாரிஸில் காது கேளாத தொழிலாளிகள் எந்தப் பள்ளிக்கும் போகாமலேயே ஊர் நடப்பு முதல் எல்லாவற்றையும் சைகையில் பேசிக்கொள்கிறார்கள் என்று அதில் எழுதினார். பள்ளி வருவதற்கு முன்னாலேயே மொழி இருந்தது. அதை உண்டாக்கியவர்கள் நாங்கள்.

என் ஹாஸ்டலிலும் இதேதான் நடந்தது. வகுப்பில் சைகை செய்தால் அடி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டீச்சரின் உதட்டைப் பார்க்கணும். ‘ப’வும் ‘ம’வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும், படம், பணம், மணம், மடம் எல்லாம் எனக்கு ஒரே வாய்தான். பொழுதெல்லாம் ஊகித்தே களைத்துப்போவேன். சாயங்காலம் மெஸ் வரிசையில் நின்றதும் எல்லாக் கைகளும் விழித்துக்கொள்ளும். பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் என்று ஒவ்வொருவனும் தன் வீட்டுச் சைகையோடு வந்திருப்பான். பெரிய அண்ணன்கள் அதைத் திருத்தி, எங்கள் ஹாஸ்டல் சைகையைச் சொல்லித்தருவார்கள். வராந்தா ட்யூப்லைட்டை அணைக்கும் வரை பேச்சு ஓடும். நான் உலகத்தைத் தெரிந்துகொண்டது அந்த வராந்தாவில்தான்: எம்.ஜி.ஆர். யார், பூகம்பம் எப்படி வருகிறது, கல்யாணம் என்றால் என்ன, என் அப்பா ஏன் வெளியூரில் இருக்கிறார், எல்லாம்.

காரைக்கால்_பாரிஸ் எழுதியது:

மஞ்சக்குப்பத்தான் தம்பி, படித்துக் கலங்கிவிட்டேன். நாங்கள் சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் இங்கே பாரிஸுக்கு வந்துவிட்டோம். என் அக்கா மகளுக்குக் காது கேட்காது. அதனால் இந்த வரலாறு எங்களுக்கு வீட்டு விஷயம்.

அந்தப் பள்ளி சான் ழாக் தெருவில் இன்னும் இருக்கிறது. லெப்பேயின் கல்லறை சான் ரோக் கோயிலில். ஒருமுறை அவளோடு அங்கே போய் நின்றேன். இங்குள்ள காது கேளாதோருக்கு லெப்பே என்றால் ஒரு குலமுதல்வர்தான். 1834-இல் ஃபெர்டினான் பெர்த்தியே என்ற காது கேளாத ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் லெப்பேயின் பிறந்தநாளுக்கு விருந்து வைக்கத் தொடங்கினார்கள். வருடந்தோறும் நடந்தது. சாப்பாடு ஒரு சாக்குதான். காது கேளாதவர்கள் ஊர் ஊராக வந்து கூடி, சைகையில் சொற்பொழிவாற்றி, அடுத்து என்ன கேட்டுப் போராடுவது என்று பேசியது அங்கேதான். 1838-இல் அவர்கள் சங்கம் வைத்தார்கள். 1849-இல் பெர்த்தியேவுக்கு பிரெஞ்சு அரசின் உயர்ந்த விருதான லெஜியோன் தோனரும் கிடைத்தது.

அதற்கு அப்புறம் வந்ததுதான் இடி. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூடியது. வந்த பிரதிநிதிகள் 164 பேர். அதில் 87 பேர் இத்தாலியர், 56 பேர் பிரெஞ்சுக்காரர். காது கேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்காவிலிருந்து வந்த ஜேம்ஸ் டெனிசன். பேச்சுதான் உயர்ந்தது, பள்ளிகளில் சைகையை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். யாருடைய கையைக் கட்டப்போகிறார்களோ அவர்களைக் கேட்கவே இல்லை. காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். லெப்பேயின் சொந்தப் பள்ளியிலேயே சைகை தடை. என் அக்கா மகள் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியை வைத்திருந்த எண்ணமும் இதே மிலான் எண்ணம்தான். இருமொழிக் கல்விக்கு 1991-இல்தான் சட்டம் வழிவிட்டது. 2005-இல்தான் பிரெஞ்சு சைகை மொழியை முழு மொழி என்று சட்டத்தில் ஏற்றார்கள். மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்து அதே மாநாட்டு அமைப்பு வான்கூவரில் அறிக்கை கொடுத்தது 2010-இல். 130 வருடம்!

கருவடிக்குப்பம் எழுதியது:

தெரியாமல்தான் கேட்கிறேன். சைகை உலகம் முழுக்க ஒன்றுதானே? பிரெஞ்சு சைகை, இந்திய சைகை என்று பிரித்துச் சொல்கிறீர்களே?

முத்தியால்பேட்டை_மகள் எழுதியது:

//சைகை உலகம் முழுக்க ஒன்றுதானே?//

இல்லை அண்ணா. என் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. எனக்குக் கேட்கும். நான் பேசிய முதல் மொழி சைகை, அதற்குப் பிறகு வந்ததுதான் தமிழ்.

இங்கிலாந்தும் அமெரிக்காவும் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆனால் இரண்டு ஊர்ச் சைகைக்காரர்களும் சந்தித்தால் ஒருவருக்கொருவர் புரியாது. அமெரிக்கச் சைகைக்கு உறவு பிரெஞ்சுச் சைகையோடு. லோரான் கிளேர் என்ற பாரிஸ் பள்ளி ஆசிரியர்தான் காரணம். அவருக்கும் காது கேட்காது. 1816-இல் தாமஸ் ஹாப்கின்ஸ் கலோடெட் என்ற அமெரிக்கர் அவரை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். 52 நாள் பயணம். கப்பலில் கிளேர் அவருக்குச் சைகை சொல்லித்தர, அவர் கிளேருக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தார். 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோருக்கான அமெரிக்காவின் முதல் நிரந்தரப் பள்ளியைத் திறந்தார்கள். இந்தியச் சைகையில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டுவோம்; அது பிரிட்டன் வழி வந்தது. அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும் காட்டுவது ஒற்றைக் கை.

இலக்கணமும் தனி. கேள்விச் சொல்லை நாங்கள் கடைசியில் வைப்போம். புருவம் ஏறினால் ஒரு பொருள், சுருங்கினால் வேறு பொருள். ஆளை ஒரு பக்கம் நிறுத்திவிட்டால் அப்புறம் அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும், கதை முழுக்க அவர் அங்கேயே நிற்பார். இது வெறும் ஜாடை இல்லை, முழு மொழி என்று 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எழுதியபோது அவருடன் வேலை பார்த்தவர்களே நம்பவில்லை.

பெயர் வைப்பதையும் சொல்லணும். எங்கள் ஆட்களுக்குப் பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பெயர் வேறு, சைகைப் பெயர் வேறு. கிளேர் குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்து கன்னத்தில் தழும்பு. இரண்டு விரலால் கன்னத்தைத் தடவினால் கிளேர். என் அம்மாவின் பெயர் தாடைக் குழி. சித்தப்பா ஒருவருக்கு நெற்றி முடியைத் தள்ளிவிடுகிற சைகை. இப்போது தலையில் முடியே இல்லை, பெயர் மட்டும் மாறவில்லை. கேட்கிறவர்கள் தாமாகச் சைகைப் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. காது கேளாதவர்கள் பார்த்துப் பழகித்தான் வைப்பார்கள்.

வெளிநாட்டில் வீட்டுக்குள் ஒருவரைக் கூப்பிடத் தரையில் காலால் தட்டுவார்களாம், மரத்தரையில் அதிர்வு போகும். நம் வீட்டு சிமெண்ட் தரையில் அது நடக்காது. விளக்கை அணைத்து ஏற்றுவோம், இல்லையென்றால் எதிரே போய்க் கையாட்டுவோம். பாட்டி வீட்டு மாடியில் மட்டும் தேக்கு உத்தரத்து மேலே பழைய தளம். அங்கே ஓங்கி மிதித்தால் அம்மாவுக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஒரு மருத்துவமனையில் டாக்டர் என்னைப் பார்த்து, “அம்மாகிட்ட சொல்லும்மா, ஆபரேஷன் பண்ணணும், இல்லைன்னா உயிருக்கு ஆபத்து” என்றார். அதை அம்மாவுக்குக் கையால் சொன்னது நான். எந்தப் பிள்ளைக்கும் அந்த வேலை வரக்கூடாது. அங்கே ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்திருக்கணும்.

சிறப்பாசிரியை_நெய்வேலி எழுதியது:

இந்தியப் பகுதியை நான் சொல்கிறேன். நான் காது கேளாத பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியை, கடலூர் மாவட்டத்தில் வேலை.

நம் நாட்டில் முதல் பள்ளி 1885-இல் பம்பாயில். 1893-இல் கல்கத்தா. தமிழ்நாட்டில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளிதான் மூத்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் ஆரம்பித்து இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. மயிலாப்பூர், சாந்தோம் பக்கத்துப் பள்ளிகள் அப்புறம் வந்தவை. வருடங்களைக் கவனியுங்கள். பம்பாய்ப் பள்ளி மிலானுக்கு ஐந்து வருடம் பிந்தியது. நாம் பள்ளி கட்ட ஆரம்பித்ததே சைகை கூடாது என்று ஐரோப்பா முடிவெடுத்துவிட்ட காலத்தில்தான். மஞ்சக்குப்பத்தான் சார் வாங்கிய அடிக்கு வேர் அங்கே இருக்கிறது. எனக்குக் கொடுத்த பயிற்சியிலும் பேச்சுப் பயிற்சிதான் பெரும்பகுதி. சைகையை நான் கற்றது என் மாணவர்களிடம்.

இப்போது காகிதத்தில் நிலைமை நல்லபடி. 2015-இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்தது. 2018-இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி, 2021-இல் 10,000 சொற்களுக்கு வளர்ந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, அதில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும்.

ஆனால் நான் கவலைப்படுவது வேறு. இன்று பல பெற்றோர் பிள்ளையைப் பக்கத்து ஊர்ப் பொதுப் பள்ளியிலேயே சேர்க்கிறார்கள். வீட்டோடு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு பள்ளியில் ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன். பள்ளி முழுக்கக் காது கேளாதவள் அவள் ஒருத்திதான். போர்டில் இருப்பதை அச்சடித்தது மாதிரி எழுதிவைக்கிறாள். ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. யாரும் அவளைத் திட்டுவதில்லை, எல்லோரும் பாசமாக இருக்கிறார்கள், அவளோடு பேச மட்டும் யாருமில்லை. ஹாஸ்டலில் அடி இருந்தது, மொழியும் இருந்தது. இவளுக்கு அடி இல்லை, மொழியும் இல்லை. இதைப் பழைய ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பதினைந்து காது கேளாத பிள்ளைகளையாவது ஒரே பொதுப் பள்ளியில் சேர்த்து, சைகை தெரிந்த ஆசிரியரையும் போட்டால் இரண்டும் கிடைக்கும்.

லாஸ்பேட்டை_அம்மா எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். மனசு கனக்கிறது. என் பையனுக்கு இரண்டு வயதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தோம், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்துகிற கேட்கும் கருவி. இப்போது ஏழு வயது. பேசுகிறான். “அம்மா, மழை பெய்யுது” என்று அவன் முதலில் சொன்னபோது என் மாமியார் பூஜை அறையில் போய் அழுதார்.

அதற்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காப்பீட்டில் ஆபரேஷன் நடந்துவிடும், அதற்குப் பிறகுதான் செலவு. வயர் அறுந்தால், காயில் போனால், காதுக்கு வெளியே மாட்டுகிற பிராசஸர் நனைந்தால் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். ஸ்பீச் தெரபிக்காகப் பஸ்ஸில் அலைந்து நான் வேலையை விட்டேன். அந்த நேரத்தில் ஒரு சிகிச்சையாளர் தெளிவாகச் சொன்னார்: கையைக் காட்டவே காட்டாதீர்கள், காட்டினால் பேச்சு வராது. நாங்கள் காட்டவில்லை.

இந்த இழையைப் படித்தால் நாங்களும் மிலான்காரர்கள் என்று சொல்வது போலத் தோன்றுகிறது. பையனின் பாட்டி தமிழில்தானே பேசுகிறார்? தெருவில் பிள்ளைகள் தமிழில்தானே விளையாடுகிறார்கள்? அவனுக்குத் தமிழ் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமா? லாஸ்பேட்டையில் எந்த வீட்டில் போய் நான் சைகை கற்றிருக்க முடியும்?

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

//அவனுக்குத் தமிழ் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமா?//

இல்லை அக்கா. ஒருநாளும் இல்லை. நீங்கள் வேலையை விட்டு அலைந்திருக்கிறீர்கள். உங்களை மிலான்காரர் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. எனக்குப் பிராசஸர் மேல் கோபமில்லை. கையைக் காட்டாதே என்று உங்களுக்குச் சொன்னதன் மேல்தான் கோபம். சைகை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும் என்பது உண்மையில்லை. குழந்தை இரண்டு மொழியையும் தாங்கும். முத்தியால்பேட்டைத் தங்கையைப் பாருங்கள்.

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவை. அதனால் எங்கள் மொழி பெரும்பாலும் தாயிடமிருந்து வருவதில்லை, எங்களைப் போன்ற இன்னொருவரைப் பார்த்துத்தான் வரணும். முதல் ஐந்து வருடத்தில் மூளைக்கு ஒரு முழு மொழி கிடைக்காவிட்டால் அப்புறம் அதை ஈடுகட்டுவது மிகக் கடினம். இம்ப்ளாண்ட் சிலருக்கு நன்றாகக் கைகொடுக்கும், சிலருக்குக் கைகொடுக்காது. எந்தக் குழந்தைக்கு எப்படி என்று முன்கூட்டியே யாராலும் உறுதி தர முடியாது. அதுவரை குழந்தையை மொழி இல்லாமல் காக்கவைக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் பையன் இரவு படுக்கும்போது பிராசஸரைக் கழற்றிவைப்பான். கடலில் குளிக்கும்போதும் கழற்றுவான். அப்போது நீங்கள் அவனிடம் எப்படிப் பேசுகிறீர்கள்?

இன்னொன்று. ஹாஸ்டலுக்கு வரும் வரை நான் காது கேளாத பெரியவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அதனால் வளர்ந்தால் எனக்குக் காது கேட்க ஆரம்பித்துவிடும் என்று நம்பினேன். எங்களில் நிறையப் பேர் இப்படி நம்பியிருக்கிறார்கள். மீசை வைத்த, சைக்கிளில் வந்த, சம்பளம் வாங்குகிற காது கேளாத மனிதர் ஒருவரை முதல்முறை பார்த்த அன்றுதான் நானும் பெரியவன் ஆவேன் என்று தெரிந்தது.

லாஸ்பேட்டை_அம்மா எழுதியது:

//அப்போது நீங்கள் அவனிடம் எப்படிப் பேசுகிறீர்கள்?//

பேசுவதில்லை தம்பி. தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பேன். விளக்கை அணைப்பதற்கு முன்னால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

தேவனாம்பட்டினம் எழுதியது:

எங்கள் குப்பத்தில் சித்தப்பா முறை ஒருவர், பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனால் அவரிடம் பேசத் தெரியாதவர் எங்கள் தெருவில் இல்லை. நடுக்கடலில் இன்ஜின் சத்தத்தில் ஒரு படகுக்கும் இன்னொரு படகுக்கும் கேட்கிற எல்லோருமே கையால்தானே பேசுகிறோம்? வலை எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் மீன், திரும்பலாமா, எல்லாம் கைதான். அதில் சித்தப்பா எங்களைவிடக் கெட்டிக்காரர். அவர் கண்டுபிடித்த சில சைகைகளைத்தான் நாங்கள் இன்றைக்கும் போடுகிறோம்.

கஷ்டம் கரையில் வரும். 2011-இல் தானே புயல் வந்தபோது ஆட்டோவில் மைக் கட்டி எச்சரித்துக்கொண்டு போனார்கள். டிவியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு எது உதவியது தெரியுமா? துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு. பகலில் கூண்டின் வடிவம், இரவில் விளக்கு. அதைப் பார்த்து இது எத்தனையாம் எண் என்று சரியாகச் சொல்லிவிடுவார். கண்ணால் பார்க்கிற எச்சரிக்கை அது ஒன்றுதான். இப்போது செல்போனில் எச்சரிக்கை வருகிறது, எழுத்தாக. சித்தப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மாவட்ட நிர்வாகம் புயல் நேரத்தில் சைகையில் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பினால் அவரைப் போன்றவர்களுக்கு எவ்வளவு நிம்மதி!

வைசியாள்வீதி எழுதியது:

தேவனாம்பட்டினம், நீங்கள் சொன்னது பெரிய விஷயம். அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவில் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பரம்பரையாகக் காது கேளாமை இருந்தது. அங்கே சில்மார்க் ஊரில் கேட்கிறவர்களும் சேர்ந்து சைகை பேசினார்கள். மீனவர்கள் படகுக்குப் படகு பேசினார்கள், சர்ச்சில் பேசினார்கள். யாருக்குக் காது கேட்கும், யாருக்குக் கேட்காது என்பதை அங்கே பெரிதாக எண்ணவில்லை. அந்தப் பரம்பரையின் கடைசிக் காது கேளாதவர் 1952-இல் இறந்தார். அவரோடு அந்தச் சைகையின் அன்றாடப் புழக்கமும் போனது. நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தில் சிக்பள்ளாப்பூர் மாவட்டத்து அலிப்பூரில் இன்றும் அப்படி ஒரு கிராமச் சைகை இருக்கிறது.

நிகராகுவா கதையும் இதோடு சேர்ந்தது. 1970-களின் கடைசியில் அந்த மத்திய அமெரிக்க நாட்டின் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் சொல்லித்தர முயன்றது உதட்டைப் படிப்பது. பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலும் பள்ளி பஸ்ஸிலும் தங்களுக்குள் ஒரு புது மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதற்கு இலக்கணம் ஏற்றினார்கள். பாரிஸ் பைண்டிங் கடை, மனாகுவா பஸ், கடலூர் ஹாஸ்டல் மெஸ் வரிசை, எங்கேயும் ஒரே விதிதான்: காது கேளாதவர்கள் ஒன்றாகக் கூட ஓர் இடம் இருந்தால் மொழி வருகிறது. அதனால் எனக்கு இப்போது ஒரே கேள்வி. ஹாஸ்டல்கள் காலியாகிக்கொண்டிருக்கும்போது நம் ஊரில் அந்த இடம் எது?

முத்தியால்பேட்டை_மகள் எழுதியது:

கடற்கரைச் சாலை ஐயா. சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் அல்லவா, அதற்கப்புறம் காந்தி சிலைப் பக்கம் வந்து பாருங்கள். ஹாரன் கேட்காதவர்களுக்கு வண்டி வராத சாலையைவிட நிம்மதி என்ன இருக்கிறது? வட்டமாக நின்று பேச அகலம் உண்டு, விளக்கு வெளிச்சம் உண்டு. அப்பாவின் நண்பர்கள் விழுப்புரம், திண்டிவனத்திலிருந்துகூட வருவார்கள். கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகும் ஒரு மணி நேரம் நிற்பார்கள். செல்போன் வீடியோ வருவதற்கு முன்னால் அடுத்த சந்திப்பு வரை ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் இருந்தவர்கள். அந்தப் பழக்கம் அவர்களை விட்டுப்போகாது.

ஜியோ வந்து டேட்டா மலிவானபோது எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லணும். அதுவரை பெட்டியில் கிடந்த பழைய பள்ளி குரூப் போட்டோவை எடுத்து அப்பா ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து வீடியோ காலில் பேசினார். தினமும் ராத்திரி ஒரு மணிவரை எங்கள் வீட்டு விளக்கு எரிந்தது.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

ஐயா முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் வரலாறு ஏன் ஒரு பக்கம்கூட இல்லை என்றால், அது எழுத்தில் இல்லை, ஆட்களின் கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஹாஸ்டலில் படித்த மூத்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் போடுகிற சில பழைய சைகைகள் டெல்லி அகராதியில் இல்லை. இன்றைய பிள்ளைகள் யூடியூப் பார்த்து ஒரே மாதிரிச் சைகை போடுகிறார்கள். அது வேண்டியதுதான், ஆனால் பழையது பதிவாகாமல் போகக்கூடாது.

அமெரிக்காவில் ஜார்ஜ் வெடிட்ஸ் என்ற காது கேளாதவர் இதே பயத்தில் இருந்தார். மிலானுக்கு அப்புறம் அங்கேயும் பள்ளிகளில் சைகையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். சினிமா கேமரா அப்போதுதான் வந்திருந்த காலம். அவர் தலைமையில் இருந்த சங்கம் ஊர் ஊராகப் பணம் திரட்டி, நன்றாகச் சைகை பேசுகிற மூத்தவர்களை 1910-லிருந்து படம் பிடித்து வைத்தது. 1913-இல் அவரே கேமரா முன்னால் நின்று பேசினார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அவர் கை அசைவு எங்களுக்குத் தெரிகிறது. அவர்கள் காசு திரட்டிக் கேமரா தேடினார்கள். நம் எல்லோர் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது.

அதனால் மூத்தவர்களை வீடியோ எடுக்கலாம் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்பது நானும் என் நண்பர்களும், சைகையிலேயே. எந்த வருடம் பள்ளியில் சேர்ந்தீர்கள், யார் உங்களுக்குச் சைகைப் பெயர் வைத்தது, எந்தச் சைகையை எங்கே கற்றீர்கள், முதல் வேலை எப்படிக் கிடைத்தது, கல்யாணம் யார் பேசி முடித்தது. தமிழ் எழுத்தை அடியில் போட முத்தியால்பேட்டைத் தங்கை உதவணும்.

முத்தியால்பேட்டை_மகள் எழுதியது:

கண்டிப்பாகச் செய்கிறேன் அண்ணா. அப்பா முதல் ஆளாக உட்காருவார். ஆனால் நான் எழுதுவதை அவரிடமே திரும்பக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் போடணும்.

தேவனாம்பட்டினம் எழுதியது:

பள்ளிக்கே போகாத எங்கள் சித்தப்பாவையும் எடுப்பீர்களா? அவர் சைகை வேறு மாதிரி. கடல் சைகை.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அவரைத்தான் முதலில் எடுக்கணும். நீங்கள் பக்கத்தில் இருந்து விளக்கணும், அவருடைய சைகை எங்களுக்கே புதிது.

சிறப்பாசிரியை_நெய்வேலி எழுதியது:

பழைய மாணவர் பட்டியல் தேட நான் உதவுகிறேன். அவரவர் சம்மதத்தைச் சைகையிலேயே முதலில் பதிவு செய்துவிடுங்கள், காகிதத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாது. லாஸ்பேட்டை அம்மாவுக்கு ஒரு தகவல்: டெல்லி மையத்தின் அகராதி வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. தூக்கம், தண்ணீர், பயம், கனவு, கட்டிப்பிடி என்று ராத்திரிக்கு வேண்டிய சொற்களிலிருந்து ஆரம்பியுங்கள்.

லாஸ்பேட்டை_அம்மா எழுதியது:

பார்க்கிறேன் மேடம். நன்றி. படம் எடுக்க இடம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டு மொட்டைமாடி இருக்கிறது. பையனும் வீட்டில்தான் இருப்பான், பரவாயில்லையா?

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அவன் இருக்கணும் அக்கா. நாலு மணிக்கு வருகிறோம், அதற்கு மேல் நிழல் முகத்தில் விழும். பின்னால் வெற்றுச் சுவர் இருந்தால் போதும். பேசுகிறவர்களைக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம், ஒரே நிறத்தில் போட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை படத்துக்குள் வரணும், கை வெளியே போகக்கூடாது. போன் ஸ்டாண்ட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.